சத்தத்தின் பின்னால் சைக்கிள்: விழிப்புலனற்றோர் யாழ்ப்பாணத்தில் மவுண்டன் பைக் பழக

முதலில் தேடவேண்டியது முன்னால் ஓடக்கூடிய ஓர் ஆளை. சைக்கிளைப் பிறகு பார்க்கலாம். விழிப்புலனற்ற ஒருவர் கரடுமுரடான நிலத்தில் தனிச் சைக்கிள் ஓடும்போது, முன்னால் போகும் சைக்கிளின் பின்சில்லில் இருந்து வரும் சத்தம்தான் அவருக்குப் பாதை. சத்தம் இருக்கும் திசையில் பாதை இருக்கிறது. சத்தம் நின்றால் பாதை முடிந்தது, உடனே பிரேக். மற்ற எல்லா ஒழுங்கும் இந்த ஒரு விதியில் இருந்து வருவதுதான்.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் மவுண்டன் பைக்கா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழகுவதற்கு மலை வேண்டியதில்லை. வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகள், கிறவல் றோட்டுகள், சுண்ணக்கல் துருத்திக்கொண்டு நிற்கும் தோட்டப் பாதைகள், வடமராட்சி கிழக்கின் மணல் என்று சில்லுக்கு வேண்டிய கரடுமுரடு எல்லாம் இங்கே உண்டு. இறக்கம் மட்டும் இல்லை. இறக்கம் இல்லாததால் வேகம் தானாகக் கூடுவதில்லை. தொடங்குபவருக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது.

யாருக்கு எந்தச் சைக்கிள்

வழி இரண்டு. ஒன்று இரட்டைச் சைக்கிள், அதாவது டான்டம். பார்வையுள்ளவர் முன்சீற்றில் இருந்து ஹாண்டிலையும் பிரேக்கையும் பார்ப்பார், விழிப்புலனற்றவர் பின்சீற்றில் இருந்து மிதிப்பார். பாராலிம்பிக் போட்டிகளில் விழிப்புலனற்றோர் ஓடுவது இந்த முறையில்தான். மற்றது தனிச் சைக்கிளில் சத்தத்தைப் பின்தொடர்வது. இரண்டிலும் சுகம் வேறு. பின்சீற்றில் இருப்பவருக்கு வேகமும் உடற்பயிற்சியும் கிடைக்கும். தனிச் சைக்கிளில்தான் ஹாண்டில் தன் கையில் இருக்கும்.

தனிச் சைக்கிளுக்கு இரண்டு காதும் சமமாகக் கேட்கவேண்டும். சத்தம் வலப்பக்கமா இடப்பக்கமா என்று மூளை கணிப்பது இரு காதுகளுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தையும் சத்த அளவின் வித்தியாசத்தையும் வைத்துத்தான். சோதிப்பது இலகு: திறந்த மைதானத்தில் நின்றுகொள்ளுங்கள். உதவியாளர் 5 மீற்றர் தூரத்தில் உங்களைச் சுற்றி நடந்து, இடையிடையே நின்று திறப்புக் கொத்தைக் குலுக்கட்டும். சத்தம் வந்த பக்கம் கையை நீட்டுங்கள். முன்பக்கச் சத்தத்துக்குக் கை திரும்பத் திரும்ப விலகிப் போனால் இரட்டைச் சைக்கிளே பொருத்தம்.

பார்வை இருந்த காலத்தில் சைக்கிள் ஓடியவருக்குச் சமநிலை கெதியாகத் திரும்பி வரும். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குச் சமநிலையே முதற் பாடம். அதை அவசரப்படுத்தக் கூடாது.

கொஞ்சம் பார்வை மிஞ்சியிருப்பவர்கள் தங்கள் பார்வை எந்த மாதிரிக் குறைந்திருக்கிறது என்பதை முன்னால் ஓடுபவருக்குச் சொல்லிவிடவேண்டும். குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் ஓரப் பார்வை சுருங்கியவருக்கு வெயிலில் இருந்து பனங்கூடலின் நிழலுக்குள் நுழையும் முதல் சில விநாடிகள் முழு இருட்டு. அந்த எல்லைக்கு முன்பே வேகம் குறையவேண்டும். நடுப்பார்வை போனவருக்கு முன்னால் போகிறவரின் முதுகு தெரியலாம், நிலத்துக் கல் தெரியாது. முன்னவர் பளிச்சென்ற மஞ்சள் சட்டை போட்டால் செம்மண்ணிலும் பச்சையிலும் எடுபடும். கண் கூசுபவர்கள் சூரியனை முதுகுக்கு வைத்து ஓடும்படி பாதையைத் திட்டமிடலாம். நிலத்தில் விழும் பனையின் நிழற்கோடு கிடங்குபோல் தெரிந்து வீணாகப் பிரேக் பிடிக்க வைப்பதும் உண்டு.

விழித்திரை விலகல் ஏற்பட்டவர்கள், அண்மையில் கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கிட்டப்பார்வை மிகக் கூடியவர்கள் கண் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. உடம்பு குலுங்குவதும் தலையில் அடிபடுவதும் இவர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து.

இரட்டைச் சைக்கிள் பற்றிச் சுருக்கமாக

இரண்டு பழைய சைக்கிளை வெட்டி ஒட்டித் தருவதற்கு ஆள் கிடைக்கலாம். தார் றோட்டில் மெதுவாக ஓட அது போதும். கரடுமுரடுக்கு வேண்டாம். இரண்டு பேரின் பாரமும் குலுக்கலும் சேர்ந்து ஹாண்டில் கழுத்து ஒட்டையும் பெடல் அச்சுப் பகுதி ஒட்டையும் பிளக்கும். தொழிற்சாலையில் செய்த சட்டம், பின்சில்லில் 36 கம்பிக்குக் குறையாமல், 180 மி.மீ. தட்டுக்குக் குறையாத டிஸ்க் பிரேக் என்று பார்த்து எடுங்கள்.

வெளிக்கிடும் ஒழுங்கு எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். முன்னவர் சட்டத்துக்கு இரு பக்கமும் கால் ஊன்றி, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னவர் ஏறி இரண்டு காலையும் பெடலில் வைத்து, முன்னவர் கேட்கும் நிலைக்குப் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொடுப்பார். "வெளிக்கிடுவம்" என்றதும் இருவரும் ஒன்றாக மிதிப்பார்கள். நிற்கும்போது பின்னவர் கால் இறக்கவே கூடாது. சைக்கிளைத் தாங்குவது முன்னவரின் வேலை. முன்னவர் சொல்லாமல் மிதிப்பதை நிறுத்தினால் பின்னவரின் முழங்காலுக்கு அடி விழும். ஆகவே "மிதி", "விடு" என்ற இரண்டு சொல்லும் விடாமல் வரவேண்டும்.

தனிச் சைக்கிளைத் தயார்படுத்தல்

ரயர் அகலம் 2.1 முதல் 2.4 அங்குலம் வரை. 65 கிலோ உள்ள ஒருவருக்கு, ரியூப் போட்ட ரயரில், செம்மண்ணுக்கு 26 முதல் 30 பி.எஸ்.ஐ. காற்று. கடையில் கேட்காமல் விட்டால் கல்லுமாதிரி அடித்துத் தருவார்கள். அப்படி ஓடினால் ஒவ்வொரு கல்லுக்கும் சில்லு துள்ளும். கண்ணால் காணாத கல்லுக்குத் துள்ளும் சில்லு பொல்லாதது. அதற்காக மிகவும் இறக்கினால் சுண்ணக்கல் விளிம்பில் ரியூப் ரிம்மோடு நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். நெருஞ்சி முள்ளுக்கு ரியூபுக்குள் சீலன்ட், அதாவது ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம், விட்டுக்கொள்வது நல்லது, ஒரு ரியூபுக்கு 100 மி.லீ. அளவு போதும். உடைமுள்ளுக்கு அதுவும் போதாமல் போகலாம். ஆளுக்கொரு மாற்று ரியூபும் சிறிய பம்பும் பையில் இருக்கட்டும்.

சீற்றைப் பார்வையுள்ளவர் வைப்பதைவிட இறக்கி வையுங்கள். சீற்றில் இருந்தபடியே இரண்டு உள்ளங்காலும் நிலத்தில் படவேண்டும். நிற்கும் இடத்தில் நிலம் எந்த உயரத்தில் இருக்கும் என்று தெரியாதபோது ஒற்றைக்கால் விரலில் ஊன்றி நிற்க முயன்றால் சரிவீர்கள். சப்பாத்தைப் பூட்டும் பெடல் வேண்டாம். தட்டைப் பெடல், முன்பக்கம் மூடிய சப்பாத்து.

இங்கே பொதுவாக முன் பிரேக் வலக்கையில் இருக்கும். வெளிநாட்டில் இருந்து இறங்கிய பழைய சைக்கிள்களில் மாறியிருக்கலாம். ஏறும் முன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் கீழே அமிழ்ந்தால் அது முன் பிரேக். பின் பிரேக் கைப்பிடியில் ஒரு றப்பர் வளையம் சுற்றிவிட்டால் கை தானாக அடையாளம் காணும். கியர் முன்னால் ஒரு தட்டு, பின்னால் 8 அல்லது 9 போதும். அடிக் கியரில் இருந்து எத்தனை சொடுக்கு என்று எண்ணி வைத்துக்கொள்ளலாம்.

தலைக்கவசம் சைக்கிளுக்கென்று செய்ததாக, காது முழுக்கத் திறந்திருப்பதாக இருக்கவேண்டும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் காதை மூடிவிடும், அதோடு இந்த ஓட்டமே முடியும். பார்வை அறவே இல்லாதவருக்கும் கண்ணாடி கட்டாயம். கிளுவைக் கொப்பும் பனை மட்டையின் கருக்கும் கண் தெரிகிறதா இல்லையா என்று பார்த்து அடிப்பதில்லை. கையுறை, முழங்கால் காப்பு, முழுக்கைச் சட்டை. மடிக்கும் வெள்ளைப் பிரம்பைச் சட்டத்தில் கட்டிக்கொள்ளுங்கள். இடைவழியில் இறங்கினால் அது இல்லாமல் இரண்டு அடி நகரமுடியாது.

முன்சைக்கிளின் சத்தம்

இதற்குச் செலவு மிகக் குறைவு: கேபிள் ரை, அதாவது வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டி. 4 அல்லது 5 மி.மீ. அகலமான தடித்த ரையை முன்னால் ஓடுபவரின் சைக்கிளில், சீற் அடியில் இருந்து பின்சில்லின் அச்சுக்கு இறங்கும் குழாயில் இறுக்குங்கள். வாலை முழுக்க வெட்டாமல், கம்பிகளுக்கு இடையில் 2 அல்லது 3 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்க விடுங்கள். சில்லு சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் அதைச் சொடுக்கும். ரிம்மை ஒட்டிப் பொருத்தினால் எல்லாக் கம்பியும் படும். அச்சுப் பக்கம் பொருத்தினால் ஒரு பக்கத்துக் கம்பிகள் மட்டும் பட்டுச் சத்தம் பாதியாகும். டிஸ்க் தட்டில் இருந்து தள்ளியே இருக்கட்டும். ரை தேய்ந்து முறியும் சாமான், ஆகவே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

26 அங்குலச் சில்லில் 36 கம்பி இருந்தால், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 48 சொடுக்கு வரும். அதாவது ஓர் உறுமல். நடைவேகத்துக்கு இறங்கும்போது அது பாதியாகி, தனித்தனிச் சொடுக்காகப் பிரிய ஆரம்பிக்கும். இதில்தான் கேபிள் ரையின் பெறுமதி. முன்னவர் எங்கே போகிறார் என்பதோடு எவ்வளவு வேகத்தில் போகிறார், குறைக்கிறாரா என்பதையும் வாய் திறக்காமலே சொல்லிவிடும். மணி கட்டினால் நிலம் குலுங்கும்போதுதான் அடிக்கும். சிறிய வானொலி வைத்தால் சத்தம் நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி. முன்னவர் நின்றது தெரியாமல் போய் மோதுவீர்கள்.

பின்னவரின் சைக்கிள் சத்தமில்லாமல் இருக்கவேண்டும். காயும் செயின், ஆடும் மட்காட், மிதிக்காமல் விடும்போது கடகடக்கும் பிறீவீல் எல்லாம் முன்னால் வரும் சத்தத்தை மூடும். புறப்பட முன் சைக்கிளை ஒரு சாண் தூக்கிப் போட்டு, எது கிலுகிலுக்கிறது என்று பார்த்து இறுக்குங்கள்.

இடைவெளி 3 மீற்றர். ஏன் 3? மணிக்கு 10 கி.மீ. என்பது விநாடிக்கு 2.8 மீற்றர். முன்னவரின் சில்லு கல்லில் ஏறும்போது அவர் கத்தினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு விநாடிதான். உடம்பைத் தயாராக்க அது போதும், நிற்கப் போதாது. சொல் கேட்டுக் கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி, அதாவது 2.8 மீற்றர். தளர்ந்த மண்ணில் சில்லு நிற்க இன்னும் ஒன்றரை மீற்றர் வரை. நிற்பதற்கு மொத்தம் ஏறக்குறைய நாலரை மீற்றர் வேண்டும். ஆகவே நிற்கவேண்டிய தடைக்கு முன்னவர் தான் அதை எட்ட 3 மீற்றர் இருக்கும்போதே சொல்லவேண்டும். வேகத்தை 20 ஆக்கினால் நிற்கும் தூரம் இரு மடங்கைத் தாண்டிப் பத்து மீற்றருக்கு மேல் போகும். முதல் மாதங்களில் 10 கி.மீ. வேகத்தைத் தாண்டவேண்டாம் என்பது இந்தக் கணக்கினால்தான்.

சொற்கள்

குறைவாக, குட்டையாக, முன்பே பேசி வைத்ததாக. நிறுத்தச் சொல் "பிரேக்" என்று இருக்கட்டும். "நில்", "கல்" இரண்டும் காற்றில் ஒன்றுபோல் கேட்கும், "நிப்பாட்டு" நீளம். "இடது", "வலது" இரண்டுக்கும் கடைசி ஒலி ஒன்று என்பதால் "இடம்", "வலது" என்று வைத்துக்கொள்வது உதவும். மற்றவை: "மேடு", "கிடங்கு", "மணல்", "வேர்", தாழ்ந்த கொப்புக்கு "தலை". பக்கம் முதலில், பொருள் பிறகு: "வலது கிடங்கு". வழி நேராக இருக்கும்போது முன்னவர் கதை சொல்லிக்கொண்டு போகக்கூடாது. அவர் பேசும்போது கேபிள் ரை கேட்காது. நல்ல துணைக்கு அடையாளம் வாயை மூடத் தெரிந்திருப்பது.

காதுக்கருவி வைத்துப் பேசும் இன்டர்கொம் 3 மீற்றருக்குத் தேவையே இல்லை. குரல் கேட்டுத் தானே இயங்கும் வகைகள் முதல் அசையை விழுங்கிவிடும்.

மூன்றாவது ஆள் ஒருவர் பின்னால் வந்தால் பெரிய பலன். முன்னவர் திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை. நடுவில் இருப்பவர் விலகும்போது அந்த மூன்றாமவர் "பிரேக்" சொல்லலாம். யார் சொன்னாலும் எல்லோரும் நிற்பார்கள், காரணம் பிறகு.

பழகும் ஒழுங்கு

மைதானத்துப் புல்தரையில், சைக்கிளைக் கையால் தடவுவதில் தொடங்குங்கள். ஹாண்டிலில் இருந்து பின்சில்லு வரை எது எங்கே என்று கை அறியட்டும். பிறகு இடப்பக்கம் நின்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கூப்பிடும் குரலை நோக்கி நடவுங்கள்.

அடுத்து பெடல் இல்லாத ஓட்டம். சீற்றில் இருந்து இரண்டு காலாலும் நிலத்தை உந்தி, 10 மீற்றர் தூரத்தில் கைதட்டும் ஆளை நோக்கிப் போங்கள். அதை 30 மீற்றர் ஆக்குங்கள். கால் நிலத்தில் படாமல் 5 மீற்றர் போக முடிந்தால் பெடலுக்கு மாறலாம். கண்ணில்லாமல் நேராகப் போவதாக நினைக்கும்போது எவருமே ஒரு பக்கம் இழுபடுவார்கள். இது குறையல்ல, முன்னால் ஒரு சத்தம் வேண்டும் என்பதற்கான காரணம்.

பிரேக்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முதலில் பின் பிரேக் மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து, ஒற்றை விரலால். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி நிற்கப் பழகவேண்டும்.

பிறகுதான் கேபிள் ரையைப் பின்தொடர்வது. நேர்கோடு, பெரிய வட்டம், எட்டு வடிவம் என்று போகலாம். முன்னவர் இடையிடையே சொல்லாமல் நிற்கட்டும். சத்தம் அடங்கியதும் உங்கள் விரல் தானாக இறுகும்வரை இதைச் செய்யவேண்டும். இது வராமல் ஒழுங்கைக்குள் இறங்கக் கூடாது.

இவ்வளவும் கைவந்ததும் தடைகள். 2 செ.மீ. பலகை, பிறகு ஒரு பனஞ்சலாகை. தயார் நிலை என்பது பெடல் இரண்டும் நிலத்துக்குச் சமாந்தரம், சீற்றில் இருந்து சற்று எழுந்த உடம்பு, மடித்த முழங்கையும் முழங்காலும். பார்வையுள்ளவர் தடை வரும்போது இதை எடுப்பார். நீங்கள் தெரியாத நிலத்தில் முழுநேரமும் இதிலேயே இருக்கவேண்டும். தொடை கெதியாகக் களைக்கும். 15 நிமிடம் ஓடி இறங்கி ஆறுங்கள். களைத்தவர் சீற்றில் குந்திவிடுவார், விழுவது அப்போதுதான்.

நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்பது துணைக்கு நல்லது. அமெரிக்கரான டானியல் கிஷ் 13 மாதக் குழந்தையாக இருக்கும்போதே விழித்திரைப் புற்றுநோயால் இரண்டு கண்ணையும் இழந்தவர். இந்த முறையால் மவுண்டன் பைக் ஓடுவதற்குப் பேர்பெற்றவர். நம் ஒழுங்கைகளிலும் மதில் பளிச்சென்று எதிரொலிக்கும், தகரவேலி கணீரென்கும், கிடுகு வேலி சத்தத்தை உறிஞ்சிவிடும். வேலி முடிந்து வெளி தொடங்கும் இடம் காதுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கிடங்கு, வாய்க்கால், முட்கம்பி, கயிறு எதுவும் எதிரொலியில் தெரியாது. அதை நம்பித் தனியே வெளிக்கிடாதீர்கள்.

எங்கே, எப்போது

முன்னவர் புதிய பாதையை ஒரு தடவை நடந்து பார்க்காமல் யாரையும் கூட்டிச்செல்லக் கூடாது. அவர் தேடவேண்டியவை: கட்டு இல்லாத தோட்டக் கிணறு, பாதைக்குக் குறுக்கே கிடக்கும் இறைப்புக் குழாய், மேய்ச்சலுக்குக் கட்டிய மாட்டின் கயிறு, ஒழுங்கைக்குள் சாய்ந்த கதியால், கிடக்கும் காவோலை. கிணறு பாதையில் இருந்து 10 மீற்றருக்குள் இருந்தால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள், விவாதம் வேண்டாம். பனம்பழக் காலத்தில் காய்க்கும் பனைகளின் அடியால் போகும் பாதையையும் தவிருங்கள். மேலே இருந்து விழுவது ஒரு ஆபத்து, கீழே கிடப்பதில் முன்சில்லு வழுக்குவது இன்னொன்று.

முகமாலை, கிளாலிப் பக்கம் போனால் பாவனையில் உள்ள றோட்டை விட்டு இறங்கக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைப் பலகை பின்னால் வருபவருக்குத் தெரியப்போவதில்லை.

நேரம் காலை 6 மணியில் இருந்து 8 மணி வரை. சோளகம் வீசும் மாதங்களில் பொழுது ஏற ஏறக் காற்றுப் பலக்கும். ஓலைகள் சலசலக்கும்போது 3 மீற்றர் முன்னால் போகும் கேபிள் ரையும் கேட்காது. கேட்காவிட்டால் அன்றைக்கு ஓட்டமில்லை. மாரியில் செம்மண் ரயரில் அப்பிக்கொள்ளும், வெள்ளம் கிடங்கை மூடிவிடும்.

மணற்காட்டுக் கரை, அலை நனைத்து இறுக்கிய மணல் இருக்கும் நேரத்தில், அருமையான இடம். கடலின் இரைச்சல் ஒரு பக்கத்தில் நிரந்தரமாக நிற்பதால் திசை தவறாது. பருத்தித்துறைப் பக்கம் போகும்போது கடல் வலக்காதில், திரும்பும்போது இடக்காதில். ஆனால் அதே இரைச்சல் கேபிள் ரையை அமுக்கும், ஆகவே இடைவெளியை 2 மீற்றராக்கி நடைவேகத்துக்குச் சற்றுக் கூட ஓடுங்கள். கரைவலைக் கயிறு, நங்கூரம், ஏற்றி வைத்த வள்ளம் மூன்றையும் முன்னவர் கவனிக்கவேண்டும்.

பிழைக்கும் இடங்கள்

முடக்கில் உள்வேலியில் மோதுவதுதான் அதிகம். சத்தத்தை நோக்கி நேரே போனால் வளைவை வெட்டிக்கொண்டு போவீர்கள், ஏனென்றால் முன்னவர் ஏற்கெனவே திரும்பிவிட்டார். முன்னவர் வெளிவிளிம்பை ஒட்டி அகலமாக எடுத்து, நடைவேகத்துக்கு இறங்கி, இடைவெளியை 2 மீற்றருக்குக் குறைக்கவேண்டும். செங்கோணமாகத் திரும்பும் முடக்கு என்றால் இறங்கித் தள்ளுங்கள்.

பின்னவரின் முன்சில்லு முன்னவரின் பின்சில்லில் தட்டினால் விழுவது பின்னவர்தான். இடைவெளி ஒன்றரை மீற்றருக்குக் கீழே போனால் இது நடக்கும். மைதானத்துப் பயிற்சியில் தவிர, முன்னவர் சொல்லாமல் பிரேக் பிடிக்கக் கூடாது.

தளர்ந்த மணலில் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் முன்சில்லு மடியும். "மணல்" என்ற சொல் வந்ததும் ஒரு கியர் இறக்கி, பாரத்தைப் பின்னுக்கு மாற்றி, நிறுத்தாமல் மிதியுங்கள். கை தளர்வாக இருக்கட்டும், சில்லு கொஞ்சம் தன்பாட்டில் அலையும்.

நாய் குரைத்துக்கொண்டு வந்தால் வேகம் கூட்டாமல் எல்லோரும் நின்று இறங்கி, சைக்கிளை இடையில் வைத்துக்கொள்ளுங்கள். சில்லு நின்றால் சொடுக்கும் நிற்கும், பெரும்பாலான நாய்களுக்குத் துரத்த ஒன்றும் இராது.

கடற்கரையில் ஓடிய சைக்கிளை அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். செயினைத் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். முன்னவரின் கேபிள் ரைகளையும் அப்போதே விரலால் வளைத்துப் பார்த்து, வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.